பச்சை மையில் ஒரு டிக்

பணி ஓய்வு நாளன்று எனக்குச் சால்வை போர்த்தி, "நாலு வார்த்தை பேசுங்க சார்" என்றீர்கள். முப்பத்தொரு வருடங்களாகப் பெரம்பலூர்க்காரர்களின் ரத்தத்தை உறிஞ்சிய என்னைக் கொசுவோடு ஒப்பிட்டுப் பேசினேன். கொசு ரிப்போர்ட் கொடுத்து யாரையும் பயமுறுத்துவதில்லை, அந்த வகையில் அது என்னைவிட உத்தமம் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். சமோசா ஆறிப்போகும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையில் சொல்ல நினைத்தது வேறொன்று. சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். கணினியில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து டாக்டர்களின் கையெழுத்தோடு பழகிக் கெட்டுப்போனது.

நம் ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிறீர்கள். மெஷினில் நான் செய்த தவறுகளையெல்லாம் மெஷினே சிவப்பு விளக்கைப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது. நான் சொல்லப்போவது கவுண்டரில் செய்த தவறு. அதற்கு எந்த விளக்கும் எரியவில்லை. ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நம் கவுண்டர் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கெல்லாம் சுற்று வட்டாரத்து முதல் பஸ்களில் வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். "வெறும் வயித்துலதானே வந்தீங்க?" என்று கேட்டால், "ஆமாங்க, டீ மட்டும்தான்" என்பார்கள். டீயும் ஆகாது என்றால், "பால் கம்மியாத்தான் ஊத்தச் சொன்னேன்" என்று பதில் வரும். லெப்பைக்குடிகாட்டிலிருந்து கத்தாருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர், பேரீச்சம்பழம் உணவில் சேராது என்று என்னோடு அரைமணி நேரம் வாதாடினார். இவர்களெல்லாம் சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வரும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எப்படி சார் இருக்கு?"

இந்தக் கேள்விக்கு நமக்குச் சட்டப்படி பதில் கிடையாது. டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். நம் லேபின் தலைவராக அப்போது இருந்த டாக்டரம்மா, நான் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொன்னார். பெயர் எழுதினால் திட்டுவார், ஆகவே டாக்டரம்மா என்றே இருக்கட்டும். "எண்ணை எழுதுங்க. எண்ணுக்குப் பக்கத்துல நல்லது கெட்டதுன்னு எதையும் எழுதாதீங்க. எண்ணு நம்ம வேலை. நல்லதா கெட்டதாங்கறது அந்த மனுஷனோட முழு உடம்பையும் பார்த்து ஒருத்தர் சொல்ல வேண்டியது" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆனால் நூலகத்து மருத்துவப் புத்தகங்களை நிறையப் படித்து வைத்திருந்தேன். படித்தவனுக்குக் கவுண்டர் ஒரு மேடை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பதறுபவர்களிடம் "டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்ப மனம் வராது. நாளடைவில் ஒரு பழக்கம் வந்தது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு வெளியே வரும் தாளில், அளவு மீறியிருந்தால் சிவப்புப் பேனாவால் கோடு போடுவேன். நன்றாக இருந்தால் பச்சைப் பேனாவால் டிக். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு போவார். ஊரில் என்னைப் "பச்சைப் பேனா சார்" என்றே சொல்லத் தொடங்கினார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அதுவே ஒரு சிவப்பு விளக்குத்தான். நான் கவனிக்கவில்லை.

சவரிமுத்து வந்தது இந்தப் புகழ் உச்சத்தில் இருந்த காலத்தில். பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. வேலை ஆலத்தியூரைத் தாண்டி ஓர் ஆலையில். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் டிப்பர் லாரிகளுக்கு வாசலில் நின்று டோக்கன் கொடுப்பவர். ஒல்லியான உடம்பு, பெரிய மீசை, சட்டைப் பையில் பீடிக்கட்டு. ரிப்போர்ட்டுக்காகக் கை நீட்டியவர் தாளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"எங்கப்பா அம்பத்தொண்ணுல போயிட்டாரு சார். வயக்காட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவரு. எனக்கு வர்ற மாதா திருவிழாவுக்கு அம்பது. அதான் வூட்டுல கழுத்தைப் பிடிச்சுத் தள்ளி அனுப்பிட்டாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பயப்படுற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

தாளைப் பார்த்தேன். சர்க்கரை, எல்லைக்கோட்டில் ஒரு காலை வைத்திருந்தது. எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல். இரண்டுக்கும் சிவப்புப் பேனா தேவைப்படலாம் என்ற நிலை. ஆனால் அவற்றுக்குக் கீழே, நல்ல கொலஸ்ட்ரால் என்னும் ஹெச்டிஎல் வரியில் தொண்ணூற்று நான்கு என்றிருந்தது. ஆண்களுக்கு நாற்பதுக்கு மேல் இருந்தால் சரி என்போம். அறுபதைப் பார்த்தால் மகிழ்வோம். தொண்ணூற்று நான்கை நான் அதுவரை பார்த்ததே இல்லை. காலையில் நம்பாமல் இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்திருந்தேன். அதே எண். லாட்டரியில் பரிசு விழுந்தவனிடம் செய்தி சொல்லப்போகும் தபால்காரன் மாதிரி எனக்குள் ஒரு பரபரப்பு.

"பயமா? உங்களுக்கு நல்ல கொழுப்பு எக்கச்சக்கம்ங்க" என்றேன்.

"எனக்குக் கொழுப்பு அதிகம்னு வூட்டுலயும் சொல்லுவாங்க சார்" என்றார். வரிசை சிரித்தது. மேடை தயார். நான் பேசத் தொடங்கினேன்.

"கொலஸ்ட்ரால்னா எல்லாமே கெட்டதுன்னு நினைக்காதீங்க. உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் அது வேணும். தேவைக்கு மேல சேர்ந்தாத்தான் தொந்தரவு. அதை அள்ளிக்கிட்டு வர உடம்பே ஒரு ஏற்பாடு வெச்சிருக்கு. கல்லீரலும் சிறுகுடலும் ஒரு புரதத்தை ரத்தத்துல அனுப்பும். கிளம்பறப்போ அது கிட்டத்தட்ட காலி. தட்டையா இருக்கும். ரத்தக்குழாய்ச் சுவர்லயும் மத்த இடத்துலயும் மிச்சமா இருக்கற கொலஸ்ட்ராலை ஏத்திக்கும். ஏத்த ஏத்த உருண்டையாகும். அப்புறம் கல்லீரலுக்கு வந்து இறக்கிட்டு மறுபடி கிளம்பிடும். இதான் ஹெச்டிஎல்."

சவரிமுத்துவின் முகம் மலர்ந்தது. "எம்ட்டியா போயி, லோடு ஏத்தி, இறக்கிட்டு எம்ட்டியா திரும்புது. நம்ம டிப்பருங்க."

"அதேதான். போற வழியிலயே கொஞ்சம் லோடை வேற வண்டிக்கு மாத்தி விடறதும் உண்டு. அதுவும் பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் வரும்."

"இறக்குன சரக்கை என்ன பண்ணுவாங்க?"

"கல்லீரல் அதைப் பித்தநீர்ல சேர்த்துக் குடலுக்கு அனுப்பும். கொஞ்சம் திரும்ப உடம்புக்குள்ளயே வந்துடும். மீதி காலையில வெளிய போயிடும்."

"அவ்ளோ தூரம் சொமந்து கடைசில கக்கூஸுக்கா சார்?" வரிசை மறுபடியும் சிரித்தது. "வண்டி பழசாச்சுன்னா?"

"அதோட ஆயுசே சில நாள்தான். அப்புறம் கிட்னி பிரிச்சுப் போட்டுடும். கல்லீரல் புதுசு அனுப்பும்."

"எங்க வண்டிங்களுக்கு அப்படி ஒரு கிட்னி இல்லையே சார். தாத்தா ஓட்டுன வண்டியைப் பேரன் ஓட்டுறான்."

நல்ல ஆள். இப்படிப்பட்டவர்கள் தினம் ஒருவர் வந்தால் கவுண்டர் வேலைக்கு நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவேன் என்று அப்போது நினைத்தேன். அடுத்து அவர் கேட்டதை மட்டும் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். ஏனென்றால் அதை நான் மறக்கவே இல்லை.

"சார், தொண்ணூத்தி நாலுன்னீங்களே, அது வண்டியா, லோடா?"

"லோடு. வண்டிங்க மேல இருக்கற கொலஸ்ட்ரால்."

"அப்ப எறக்குதான்னு எப்படித் தெரியும்? எங்க கேட்டுல லோடு வண்டி வரிசை கட்டி நின்னா மேனேஜர் வந்து என் சட்டையைப் பிடிப்பாரு. உள்ள எறங்கலைன்னு அர்த்தம். நீங்க என்னடான்னா வரிசை நீளமா இருக்குன்னு கை குடுக்கறீங்க."

நான் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். நகைச்சுவையாகப் பேசுகிறவனுக்கு ஒரு நோய் உண்டு. எதிராளி கேள்வி கேட்டால் அதையும் நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்வான். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பதில் சொல்வதற்குப் பதிலாகப் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தேன். தொண்ணூற்று நான்கின் பக்கத்தில் ஒரு டிக். சாதாரணமாகப் போடுவதைவிட இரண்டு மடங்கு பெரியது.

"நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்றேன்.

சர்க்கரைக்கும் எல்டிஎல்லுக்கும் சிவப்புக் கோடு போடவில்லை. பச்சை மனநிலையில் இருக்கும்போது சிவப்பு எடுக்கத் தோன்றாது. பீடி வாடை கவுண்டர் முழுக்க இருந்தது. அப்பாவைப் பற்றிச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டரிடம் காட்டுங்கள் என்ற வழக்கமான வாக்கியத்தைக்கூட நான் சொன்னதாக நினைவில்லை.

சவரிமுத்து தாளை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, டிக்கையே பார்த்தார். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இதை லேமினேசன் பண்ணணும். எங்க சார் பண்ணுவாங்க?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வழி சொன்னேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதங்கள் கழித்து, மத்தியானம் கூட்டம் வடிந்த நேரத்தில், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் கவுண்டருக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். துணிப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து வைத்தார். நான்கு மூலைகளிலும் ஆணி அடித்த ஓட்டை. மேலே ஒரு ஓரத்தில் கொஞ்சம் சுவர்ச் சுண்ணாம்பு. தாளின் நடுவில் என் டிக்.

"நீங்கதான் பச்சைப் பேனா சாருங்களா?"

ஆமாம் என்றேன். அந்தப் பட்டப்பெயர் அப்போதுதான் முதல்முறையாக எனக்குக் காது கூசியது.

"நான் சவரிமுத்து வூட்டுக்காரி. லூர்துமேரி. அவரு போயிட்டாருங்க. முப்பதாம் நாள் பூசை முடிச்சுட்டு வரேன்."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, ஒரு துளி கண்ணீர் இல்லாமல், வீட்டுக் கணக்கு ஒப்பிப்பவர் மாதிரி வரிசையாகச் சொன்னார். எடைமேடை அறைக்குப் படி ஏறும்போது நெஞ்சை அடைக்குது என்று முதலில் சொன்னாராம். நின்றால் சரியாகிவிடுமாம். மறுவாரம் சைக்கிள் மிதிக்கும்போது. அதற்கு அடுத்து இடது கை வலி. ஒவ்வொரு முறையும் இவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவர் சுவரைக் காட்டியிருக்கிறார்.

"'சர்டிபிகேட்டு மாட்டி வெச்சிருக்கேன்ல, கண்ணு தெரியலையா'ம்பாரு. 'இது கேஸுடி. ஓமத் தண்ணி வை'ம்பாரு. வெச்சுக் குடுத்தேன். மூணு தடவை வெச்சுக் குடுத்தேங்க." துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டே தொடர்ந்தார். "பட்டப்பகல்ல கேட்டுல நின்னுக்கிட்டு இருந்தவரு. ஒரு வண்டிக்கு டோக்கன் குடுத்துட்டு, அடுத்த வண்டிக்குக் கையை நீட்டுனாராம். அவ்ளோதான்."

தாளில் இருந்த பெயரைப் பார்த்தேன்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஆனால் அவர் முன்னால் குனிந்து, ரகசியம் போலக் கேட்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இந்த ரிப்போர்ட்டு மாறிப்போயிருக்குமா? வேற யாரோடதோ இவருக்கு வந்துட்டுதா?"

"ஏம்மா?"

"அப்படி மாறியிருந்தா, இவரோடது அந்த ஆளுகிட்ட இருக்கும்ல. சிவப்பு கோடெல்லாம் போட்டு. அவரு நல்லாத்தான் இருப்பாரு. ஆனா அதைப் பார்த்துப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருப்பாரு பாவம். அவரைத் தேடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். அதுக்குத்தான் வந்தேன்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? என்னைக் கேட்டால், என் பணிக்காலத்தின் மொத்தத் தேர்வும் இந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் மாதாந்திரப் பரீட்சை. தப்பிக்க இரண்டு வழிகள் பளிச்சென்று தெரிந்தன. மாறியிருக்கலாம் என்று சொல்லிவிடலாம். அவர் கணவன் மீதும் கோபம் இல்லாமல், தன் மீதும் கோபம் இல்லாமல் பஸ் ஏறுவார். அல்லது, ரிப்போர்ட் சரி, எல்லாம் ஆண்டவன் சித்தம் என்று சொல்லலாம். அவர் மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், ஏற்றுக்கொள்வார். இரண்டிலும் என் பச்சைப் பேனாவுக்கு ஒரு கீறல்கூட விழாது.

"ஒரு நிமிஷம் உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கையெழுத்து அவருடையது. டிக் யாருடையது என்று கேட்கவில்லை. அந்த லேபில் பச்சைப் பேனா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். என் சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டும் இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். சவரிமுத்து கேட்ட கேள்வியையும் சொன்னேன். இறக்குதான்னு எப்படித் தெரியும் என்ற இடம் வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன்.

"இதைவிடச் சரியான கேள்வியை எந்த மாணவனும் என்கிட்ட கேட்டதில்ல" என்றார். தொண்ணூற்று நான்கின் மேல் விரலை வைத்தார். "நம்ம மெஷின் அந்த ஒரு நிமிஷத்துல ரோட்டுல இருக்கற லோடை எண்ணுது. எத்தனை நடை போச்சு, எவ்வளவு ஏத்துச்சு, கல்லீரல்ல எவ்வளவு இறங்குச்சு, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. ஆரோக்கியமான உடம்புல ஏத்தறதும் இறக்கறதும் ஓடிக்கிட்டே இருக்கும். நிறைய பேருக்கு எண்ணு நல்லா இருந்தா ஓட்டமும் நல்லா இருக்கும். ஆனா சிலருக்குக் கல்லீரல் வாசல்ல இறக்கற இடத்துல தகராறு இருக்கும். அப்பவும் எண்ணு ஏறும். ரொம்ப ஏறும். இவருக்கு அப்படித்தான் இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல. அப்பா அம்பத்தொண்ணுல போனவர், பீடி, சர்க்கரை, எல்டிஎல். அது எல்லாத்துக்கும் மேல படி ஏறுனா நெஞ்சு அடைக்குது. இந்த எண்ணு என்னவா இருந்தாலும் அந்த மனுஷன் அன்னைக்கே டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கணும்."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று சாப்பிட்டிருப்பேன்.

"நான் வந்து பேசட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா. டிக் நான் போட்டது."

வெளியே வந்தேன். லூர்துமேரி பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வேறு ஆளைப் பற்றிய செய்திக்காகக் காத்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று சொல்லும் விஷயமில்லை அது.

"ரிப்போர்ட் மாறலம்மா. அவரோட ரத்தம்தான். எண்ணும் சரியான எண்ணுதான். ரெண்டு தடவை பார்த்தேன். டிக்தான் தப்பு. அது நான் போட்டது. டாக்டர் போட்டதில்ல. அந்த எண்ணை மட்டும் வெச்சு ஒண்ணும் ஆகாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

சுவரில் ஓடிய மின்விசிறிக் காற்றில் அந்தத் தாள் மட்டும் ஆடாமல் கிடந்தது. லேமினேஷன் செய்த தாள் ஆடாது.

"அப்ப அந்த வேற ஆளுன்னு யாரும் இல்லீங்களா?"

"இல்லம்மா."

"நல்லதுங்க" என்றார். "ஒரு ஆளு பயந்துக்கிட்டு கெடக்கல."

ஒரு மாதமாக இந்த அம்மா, இல்லாத ஒரு மனிதனுக்காகவும் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். பாதியை நான் குடித்தேன்.

"அன்னிக்கு வந்ததும் சொன்னாருங்க" என்றார். "'லோடு எறக்குதான்னு கேட்டேன், சாரு சிரிச்சாரு. அவரே சிரிச்சுட்டாருன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்'னு. ஊரெல்லாம் சொன்னாரு." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் அன்னிக்கே தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போயிருந்தா?"

"போயிருந்தா ஈசிஜி எடுத்திருப்பாங்க. மருந்து குடுத்திருப்பாங்க. அப்புறம் என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். ஆனா நீங்க போகலாம்னுதான் சொன்னீங்க. தடுத்தது நீங்க இல்ல." டிக்கைத் தொட்டுக் காட்டினேன். "இது."

அப்போதுதான் அழுதார். சத்தம் இல்லாமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு. என்னைத் திட்டுவார் என்று அப்போதும் எதிர்பார்த்தேன். அந்தச் சலுகை எனக்குக் கிடைக்கவே இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை அழிச்சுக் குடுங்க சார்" என்றார். "மக நர்சிங் படிக்கிறா. 'அப்பாவோடது எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு'ன்னு தெனமும் எடுத்து எடுத்துப் பார்க்குறா. அவளுக்கும் அவ அப்பா மாதிரியே, தனக்குன்னு டாக்டர்கிட்ட போகவே சோம்பேறித்தனம். நாளைக்கு அவளும் இதைக் காட்டி எங்கிட்ட சட்டம் பேசக் கூடாதுல்ல."

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு வந்து தேய்த்தேன். ஆயிரக்கணக்கான கைகளில் ஊசி போடுமுன் தேய்த்த அதே பஞ்சு, அதே ஸ்பிரிட். தூசி வந்தது. ஓரத்துச் சுண்ணாம்பு வந்தது. அவருடைய விரல் ரேகைகளாக இருக்க வேண்டும், ஓர் ஓரத்தில் பிசுக்கு இருந்தது, அதுவும் வந்தது. டிக் வரவில்லை. மை பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர்தான் கடைசியில் என் கையைத் தடுத்து, "விடுங்க சார்" என்றார்.

பழைய பதிவிலிருந்து புதிதாக ஒரு தாள் அச்சடித்தேன். வெறும் எண்கள். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து லூர்துமேரியின் தோளைத் தொட்டு, மகளை ஒருமுறை அழைத்து வரச் சொன்னார். அப்பாவும் தாத்தாவும் சீக்கிரம் போயிருப்பதால் அவளை ஒரு இதய டாக்டர் பார்த்துவிடுவது நல்லது, அவருக்குத் தானே கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். மகள் பிறகு வந்தாள். அவளுடைய எண் என்ன என்று நான் எழுதப்போவதில்லை. டாக்டர் பார்த்தார் என்பது மட்டும் போதும்.

புதுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்று லூர்துமேரி கிளம்பினார். பழையதை எடுக்கவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி, "அவருக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் சார். அந்தச் சாரு மாதிரி சிரிக்கச் சிரிக்கப் பேசுற ஆளே டவுன்ல இல்லம்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். நல்ல மனசோடு சொன்னதுதான். இத்தனை வருடங்களில் என்னை யாரும் அவ்வளவு கடுமையாகக் கண்டித்ததில்லை.

இப்போது நீங்கள் நிற்கும் கவுண்டரில் இடதுபக்கம் இரண்டாவது இழுப்பறை கொஞ்சம் இறுகலாக இருக்கும். இழுத்தால் அடியில் அந்தத் தாள் கிடக்கும். பெயர் இருக்கும் ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன், பிரிக்காதீர்கள். பச்சைப் பேனாவும் அங்கேதான் இருக்கிறது. எழுதாது. "எப்படி சார் இருக்கு?" என்று நாளைக்கும் கேட்பார்கள். கனிவாகவே பதில் சொல்லுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள், அது எதை எண்ணுகிறது என்று சொல்லுங்கள், எதை எண்ணவில்லை என்றும் சொல்லுங்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். யாராவது உங்களைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டால், அது எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும், சிரிப்பதற்கு முன் ஒரு மூச்சு விடுங்கள்.

சால்வை போர்த்திய அன்று காலையில், நீங்கள் வருவதற்கு முன்பே வந்து அந்த இழுப்பறையைத் திறந்தேன். பஞ்சை நனைத்து இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. டிக் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.